ஆறு எடுத்த இடத்தை ஆற்றுக்கே விட்டுவிட்டுப் பாதை போடுங்கள்

வைகை கடலோடு சேரும் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு இளைஞர் குழு கேட்டிருக்கிறது. போன மழைக்காலத்துப் புயலில் ஆற்றங்கரை நடைபாதை இரண்டு இடத்தில் அறுந்துவிட்டது. படகுத்துறை சாய்ந்துவிட்டது. கரையோர மரங்கள் விழுந்து கிடக்கின்றன. இப்போது கொஞ்சம் பணம் வரும்போல் தெரிகிறது. பழையதைச் சரிசெய்வதோடு நிற்காமல் கழிமுகம் வரை 4 கிலோமீட்டருக்குப் பசுமைப் பாதையும், படகு, கயாக் (துடுப்புப் போடும் சிறு படகு) சவாரியும் கொண்டுவர ஆசைப்படுகிறார்கள். பேவர் பிளாக் தளம், தடுப்புச் சுவர், விளக்குக் கம்பம், கான்கிரீட் படகுத்துறை என்று வரைபடமும் தயார். எங்கே தொடங்குவது என்பது கேள்வி.

தம்பி, அந்த வரைபடத்தை இப்போதைக்கு ஒரு ஓரமாக வையுங்கள். முதல் வேலை ஆற்றங்கரையில் இருக்கிறது, அதுவும் இந்த வாரமே செய்ய வேண்டியது. தண்ணீர் எதுவரை ஏறியது என்பதற்கான தடம் இன்னும் அழிந்திருக்காது. சுவரில் சேற்றுக் கோடு இருக்கும், வேலி முள்ளில் வைக்கோலும் பிளாஸ்டிக்கும் சிக்கியிருக்கும், கரையில் மண் அரித்து வேர் வெளியே தெரியும். ஒவ்வொன்றிலும் பெயின்டால் குறி போடுங்கள். போனில் இருப்பிடத்தோடு படம் எடுத்து வையுங்கள். கரையோர வீடுகளில் வயதானவர்களிடம் "இதற்கு முன்னால் எந்த வருடம் இவ்வளவு தூரம் வந்தது" என்று கேட்டு, அதையும் அந்தந்த இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பொறியாளர் கணினியில் போடும் கணக்குக்கு இந்தக் குறிகள்தான் ஆதாரம். இவை இல்லாமல் வரும் கணக்கை நம்ப வேண்டாம்.

பாதை அறுந்த இரண்டு இடங்களையும் நின்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்று ஆறு திரும்பும் வளைவின் வெளிப்பக்கமாக இருக்கும், இன்னொன்று ஏதாவது ஓடையோ கண்மாய் உபரி நீரோ வந்து சேரும் வாயாக இருக்கும். வளைவின் வெளிப்பக்கத்தில் நீரோட்டம் கரையைக் குடைந்துகொண்டே இருக்கும். ஓடை வாயில் தண்ணீர் குறுக்கே பாய வழி தேடும். அடுத்த பெருவெள்ளத்திலும் அதே இடம்தான் போகும். அதே இடத்தில் இன்னும் கனமாகக் கட்டினால் இன்னும் அதிகப் பணம் ஆற்றோடு போகும், அவ்வளவுதான்.

எதை மறுபடி கட்டுவது, எதை விடுவது என்பதற்கு நம் இராமநாதபுரம் மாவட்டத்திலேயே பெரிய பாடம் இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பாம்பன் ரயில் பாலமும் சிதைந்தது, தனுஷ்கோடியும் அழிந்தது. பாலத்தை ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் சரிசெய்து ரயில் ஓடவிட்டார்கள். தனுஷ்கோடியை, மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்து விட்டுவிட்டார்கள். அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று இன்றைக்கும் ராமேஸ்வரத்தில் பேசக் கேட்கலாம். ஆனாலும் இரண்டையும் பிரித்துப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள். உங்கள் 4 கிலோமீட்டரையும் அப்படித்தான் பிரிக்க வேண்டும்: நிலையாகக் கட்டக்கூடிய துண்டு, தண்ணீர் ஏறினாலும் தாங்கும்படி எளிதாகப் போட வேண்டிய துண்டு, பாதையே போகக்கூடாத துண்டு. வரைபடத்தில் மூன்று நிறம் போதும்.

அடுத்து, இந்த ஆறு எப்படிப்பட்டது என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி புரிந்துகொள்ள வேண்டும். வெளியூர் ஆலோசகர் வந்தால் காவிரிக் கரையையோ கேரளக் காயலையோ மனதில் வைத்துத்தான் படம் போடுவார். நம் வைகை வருசநாட்டு மலையில் தொடங்கி 258 கிலோமீட்டர் வருகிறது. பார்த்திபனூர் மதகணையில் கால்வாய்களுக்குப் பிரிகிறது. அப்புறம் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் அடங்குகிறது. மிஞ்சிய தண்ணீர்தான் ஆற்றங்கரை என்ற கிராமத்துப் பக்கம் வந்து வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், விழுகிறது. ஆக வருடத்தில் பெரும்பாலான மாதம் உங்கள் பகுதியில் ஆற்று நீர் ஓட்டமே இருக்காது. கழிமுகத்தில் நிற்பது கடல் ஏற்றத்தில் உள்ளே வந்த உப்புத் தண்ணீர். படகு விடப் போவது அதில்தான்.

அதனால் ஆழத்தை இப்போது அளந்து முடிவு செய்துவிடாதீர்கள். மழை முடிந்த கையோடு எல்லா இடமும் ஆழமாகத்தான் தெரியும். மே மாதத்தில், அமாவாசையோ பௌர்ணமியோ ஒட்டிய நாளில், தண்ணீர் நன்றாக வற்றும் நேரம் பார்த்து, நீளக் கோலில் அடிக்கணக்கு குறித்துக்கொண்டு ஒரு வத்தையில் (சிறு மீன்பிடிப் படகில்) போய் அளங்கள். நம் பக்கத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. முழங்கால் ஆழம் என்றால் கயாக் போகும், பெரிய படகு தட்டும். பெரிய படகுக்காகத் தூர்வாரலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். முகத்துவார மணல் அலையோடும் காற்றோடும் நகர்ந்துகொண்டே இருப்பது. தோண்டிய பள்ளத்தை ஒரு பருவத்திலேயே மூடிவிடும். உப்புத் தண்ணீர் இன்னும் மேலே ஏறி ஊர்க் கிணற்றையும் கெடுக்கும்.

வெள்ளம் என்றதும் புயலை மட்டும் நினைக்காதீர்கள். 2024 நவம்பர் 20 அன்று புயலே இல்லாமல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நம் மாவட்டத்தில் வருடம் முழுக்கப் பெய்யும் மழையே ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்குதான். 2020 டிசம்பரில் புரெவி புயல் பாம்பன் அருகே வந்து வலுவிழந்து அப்படியே நின்றது. காற்று குறைந்தும் மழை விடவில்லை. இதோடு வாடைக் காற்று கடல் நீரைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கும்போது ஆற்றுத் தண்ணீரைக் கடல் வாங்காது. மேலே இருந்து வருவதும் கீழே தடுப்பதும் சேர்ந்து கழிமுகத்தை ஒட்டிய தாழ்வான நிலமெல்லாம் நிரம்பிக் கிடக்கும். அந்தத் தண்ணீர் வடிய உங்கள் பாதை இடம் விட வேண்டும். பாதை என்ற பெயரில் கரைக்கு இணையாக உயரமான மண்மேடு போட்டால், ஊருக்குள் பெய்த மழை ஆற்றுக்குப் போக முடியாமல் தேங்கும். பசுமைப் பாதைத் திட்டங்களில் அதிகம் கவனிக்காமல் விடப்படுவது இதுதான் என்பது என் எண்ணம்.

இப்போது தடுப்புச் சுவர் விஷயம். ஆற்றோரச் சுவர் பெரும்பாலும் வெள்ளம் ஏறும்போது விழுவதில்லை, இறங்கும்போது விழும். சுவருக்குப் பின்னால் மண் முழுக்கத் தண்ணீர் குடித்து கனத்திருக்கும். ஆற்றில் மட்டம் வேகமாகக் குறைந்ததும் முன்பக்கத் தாங்கல் போய்விடும், பின்பக்க மண் தள்ளிவிடும். அதே நேரம் அடிக்காலில் மணலை நீரோட்டம் அரித்திருக்கும். பேவர் பிளாக்கும் இதே கதைதான். கல் உடையாது, அடியில் விரித்த மணல் கரைந்து வெளியேறி மேலே இருப்பது குழிந்துபோகும். போதாததற்கு, சுவர் கட்டிய கரையில் மோதித் திரும்பும் தண்ணீர் எதிர்க்கரையைத் தின்னும். எதிர்க்கரையிலும் நம் மக்கள்தான் இருக்கிறார்கள்.

அதற்குப் பதில் கரையைச் சரிவாக விடுங்கள், செங்குத்தாக வெட்டாதீர்கள். அறுந்த வளைவில் பாதையை உள்ளே தள்ளி, கரைக்கும் பாதைக்கும் நடுவே நல்ல அகலத்துக்கு மரமும் புதரும் வளர விடுங்கள். பாதைக்கு நன்றாக இறுக்கிய கிராவல் போதும். தண்ணீர் ஏறி இறங்கிய பிறகு ஊர் ஆட்களே இரண்டு டிராக்டர் லோடில் சரிசெய்துகொள்ளலாம். ஓடை குறுக்கிடும் இடத்தில் குழாய் புதைத்த சிறு பாலம் வேண்டாம். வெள்ளத்தில் வரும் சீமைக் கருவேல முள் அந்தக் குழாயை முதல் நாளே அடைத்துவிடும். தாழ்வான தரைப்பாலம் போட்டுவிடுங்கள். வருடத்தில் சில நாள் மூழ்கும், அந்த நாளில் யாரும் அங்கே நடக்கப் போவதில்லை. கழிமுகத்தை நெருங்கியதும் பாதை நின்றுவிட வேண்டும். மணல் திட்டு மூடுவதும் உடைவதுமாக இருக்கும் இடத்தில் எதையும் ஊன்றக் கூடாது.

விளக்கு பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஊர்ப்பக்கம் முதல் சில நூறு மீட்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள், வெளிச்சம் கீழ்நோக்கி விழும்படி. கடல் பக்கம் வேண்டாம். பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும் காலத்தில் கரை வெளிச்சம் குஞ்சுகளைக் கடலுக்குப் பதில் ஊர்ப்பக்கம் இழுத்துவிடும். உப்புக் காற்றில் சாதாரண இரும்புக் கம்பம் எத்தனை வருடம் நிற்கும் என்பது கடலோரத்தில் இருக்கிற உங்களுக்கே தெரியும்.

மரத்தில்தான் நம் ஊருக்கு நிறைய வழி இருக்கிறது, அவசரமும் அதிகம் இருக்கிறது. சீமைக் கருவேலத்தை ஒரே வீச்சில் அழித்துவிட்டுப் பூங்கா வைக்கலாம் என்று தோன்றும். அழிக்க வேண்டியதுதான், ஆனால் ஒரே நேரத்தில் வேண்டாம். இன்றைக்குக் கரை மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது பல இடங்களில் அந்த வேர்தான். மொத்தமாகப் பிடுங்கிய கரை அடுத்த ஐப்பசி மழையில் வெறும் மண்ணாக நிற்கும். துண்டு துண்டாகப் பிரித்து, தை முதல் பங்குனிக்குள் ஒரு துண்டைத் தூரோடு எடுங்கள். அந்த இடத்தில் ஆவணி, புரட்டாசியில் குழி வெட்டி முதல் மழையோடு நடுங்கள். அது வேர் பிடித்த பிறகு அடுத்த துண்டு. வெட்டிய விறகைக் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு முறையாக ஏலம் விட்டால் நடுவதற்கான செலவில் ஒரு பகுதி வந்துவிடும்.

என்ன நடுவது என்பதைத் தண்ணீரின் உப்புதான் தீர்மானிக்கும். ஏற்றத்தில் நனையும் சேற்றுக் கரையில் அலையாத்தி. கன்றைக் கொண்டுபோய் ஊன்றுவதற்கு முன் அந்த இடத்துக்கு உப்புத் தண்ணீர் தினமும் வந்து திரும்புகிறதா என்று பாருங்கள். வராமல் காய்ந்து உப்புப் பூத்த இடமென்றால் மீன்முள் வடிவத்தில் சிறு வாய்க்கால்கள் வெட்டித் தண்ணீரை உள்ளே விட வேண்டும். அப்புறம்தான் கன்று. நாரையும் உள்ளானும் இரை தேடும் திறந்த சேற்று வெளியை மட்டும் அப்படியே விடுங்கள், அதில் எதையும் நட வேண்டாம். கொஞ்சம் மேடான கரையில் பூவரசும் புன்னையும் நன்றாக வரும். மணல் மேட்டில் அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் தாழையும். அவை பார்க்க அழகாக இல்லை என்று அழித்துவிட்டுப் புல்தரை போட்டால் மணல் காற்றோடு ஊருக்குள் வரும். நீளவாக்கில் முழுக்கப் பனை. விதையாகவே ஊன்றலாம், கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், காற்றுக்கு எளிதில் சாயாது. நிழல் தர வருடமாகும்தான். அதுவரை பூவரசு நிழல் தரும்.

அனுமதி விஷயத்தை முன்கூட்டியே தொடங்குங்கள். வறண்ட காலத்தில் தண்ணீரின் உப்பு ஆயிரத்துக்கு 5 பங்கு இருக்கும் இடம் வரை ஆற்றுக் கரையும், கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு உள்ள கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும். மத்திய அரசின் 2019 அறிவிக்கையின்படி அப்படிப்பட்ட ஆற்றில் கரையிலிருந்து 50 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், எது குறைவோ அதுவரை அந்த மண்டலம். 2011 அறிவிக்கையில் அந்த 50 மீட்டர் 100 மீட்டராக இருந்தது. எந்த அறிவிக்கைப்படி வரைந்த வரைபடம் உங்கள் பகுதிக்கு இப்போது நடைமுறையில் இருக்கிறது என்று மாவட்டச் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 1,000 சதுர மீட்டருக்கு மேல் அலையாத்தி இருந்தால் அதைச் சுற்றி 50 மீட்டருக்குப் பாதுகாப்புப் பட்டை உண்டு. அங்கே கான்கிரீட் நினைக்கவே வேண்டாம். ஆனால் அலையாத்திக்குள் நடைபாதை, இயற்கைப் பாதை போன்றவற்றுக்கு முறையான சூழல் சுற்றுலாத் திட்டம் இருந்தால் வழி இருக்கிறது. விண்ணப்பம் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையம் வழியாகப் போகும். ஆற்றுப் புறம்போக்கு என்றால் நீர்வளத்துறையின் ஒப்புதலும் வேண்டும். அழகன்குளத்துக்கு அருகில் தோண்டும் வேலை என்றால் தொல்லியல் துறையையும் கேட்டுவிடுங்கள். ரோமானியக் காசுகளும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்த பழைய துறைமுக ஊர் அது. ஒரு பள்ளம் வெட்டும்போது எது மேலே வரும் என்று சொல்ல முடியாது. அந்த வரலாற்றை உங்கள் பாதையில் ஒரு பலகையாவது சொல்லட்டும். நம் பிள்ளைகளில் பல பேருக்கு அது தெரியாது.

படகுக்கு வருவோம். அதற்கு முன்னால் கரையில் ஏற்கெனவே இருப்பவர்களைப் பாருங்கள். வத்தை கட்டும் இடம், வலை காயப்போடும் இடம், நண்டு வலை விரிக்கும் பகுதி, பெண்கள் இறங்கிக் கையால் இறால் தடவும் இடம். இதையெல்லாம் அவர்களையே கூட்டிப்போய் வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அந்த இடங்களில் சுற்றுலா இல்லை என்று எழுத்தில் வைத்துவிட்டு மிச்ச இடத்தில் சவாரி. தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக்குள் படகும் கயாக்கும் விடுகிறார்கள். ஊர்ப் பெண்கள் கடலுணவு சமைத்துத் தருகிறார்கள். ஒரு நாள் போய், படகு ஓட்டுகிறவர்களிடமும் சமைக்கிறவர்களிடமும் தனித்தனியாகப் பேசிவிட்டு வாருங்கள். வருமானத்தை எப்படிப் பிரிக்கிறார்கள், தகராறு வந்தால் யார் தீர்க்கிறார்கள் என்று கேளுங்கள். உங்களுக்கு அதுதான் ஆலோசகர் அறிக்கையைவிடப் பயன்படும்.

ஆற்றுக்குள் மோட்டார் படகு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது கிளப்பும் அலை, புதிதாக நட்ட கரையை அரிக்கும், வலையை அறுக்கும், பறவையை விரட்டும். மீட்புக்கு ஒரே ஒரு மோட்டார் படகு போதும். துறைக்குக் கான்கிரீட் தூண் தேவையில்லை. சாய்ந்துபோன துறையின் அடியில் போய்ப் பாருங்கள், தூணைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருக்கும். மிதவைத் துறை போடுங்கள். தண்ணீர் மட்டத்தோடு ஏறும் இறங்கும். ஐப்பசி பிறக்கும் முன் கழற்றிக் கரையேற்றி வைத்துவிட்டுத் தையில் மறுபடி இறக்கலாம். அந்த மூன்று மாதம் சவாரியே இல்லை என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள்.

கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் காலத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. அந்த மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும்போது வடகடல் அலையில்லாமல் கிடக்கும். வெளியூர்க்காரர் பார்த்தால் கயாக்குக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்று நினைப்பார். ஆனால் அப்போது காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. முகத்துவாரத்தைத் தாண்டிய கயாக்கை அது ஓசையில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டே போகும், திரும்பித் துடுப்புப் போடப் பழக்கமில்லாதவருக்குக் கை சோர்ந்துவிடும். எனவே முகத்துவாரத்துக்கு உள்ளேயே மிதவைக் கயிறு கட்டி எல்லை போடுங்கள். அதைத் தாண்ட யாருக்கும் அனுமதி கிடையாது. சவாரி காலை வேளையில் மட்டும். பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் எந்த எண் என்று பார்க்காமல் அன்றைக்குச் சவாரி இல்லை.

உயிர்காப்புச் சட்டை இல்லாமல் ஒருவர்கூட ஏறக்கூடாது, படகோட்டி உட்பட. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். 2023 மே 7 அன்று கேரளத்துத் தானூரிலும் 22 பேர். அளவுக்கு மேல் ஆளை ஏற்றியதும் சட்டை போடாததும் இரண்டிலும் உயிரை வாங்கியது. கூட்டம் வரும் நாளில் "இன்னும் இரண்டு பேர்தானே" என்று கெஞ்சுவார்கள். மறுக்கும் அதிகாரம் டிக்கெட் கொடுப்பவரிடம் இருக்கக் கூடாது, படகோட்டியிடம் இருக்க வேண்டும். இந்த வருடம் திறப்பதற்கு முன் ஊர் முக்குளிப்பவர்களை வைத்து அடியில் கிடக்கும் உடைந்த கான்கிரீட், கம்பி, அறுந்த வலை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வெள்ளத்தோடு சாக்கடையும் வந்திருக்கும், தண்ணீரைப் பரிசோதித்து முடிவு வந்த பிறகு ஆளை இறக்குங்கள். ஆழமில்லாத சேற்றில் திருக்கை கிடக்கும், காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து நடக்க வேண்டும் என்று வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லுங்கள்.

பணத்தை ஒரே வருடத்தில் செலவழிக்கச் சொல்லி நெருக்குவார்கள். முடிந்தவரை பிரித்துக் கேளுங்கள். முதல் வருடம் இடிபாடு அகற்றுவது, ஓடை வாய்களைத் திறப்பது, மரம், ஊர்ப்பக்கத்து ஒரு கிலோமீட்டர் கிராவல் பாதை, அவ்வளவுதான். அது ஒரு மழைக்காலத்தைத் தாண்டட்டும். எங்கே தண்ணீர் நின்றது, எங்கே அரித்தது என்று பார்த்துவிட்டு மிச்சப் பாதை. மிதவைத் துறையும் கயாக்கும் அதற்கு அடுத்து. டிக்கெட் வருமானத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு என்று தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள், முதல் நாளிலிருந்தே. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தக் கணக்கு தொடங்கவே தொடங்காது.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராம சபைக்கு வெள்ளக் குறிகளும் மூன்று நிறமும் போட்ட வரைபடத்தைக் கொண்டுபோங்கள். மீனவப் பெண்கள் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும், அவர்களுக்குத் தோதான நேரம் கேட்டு வையுங்கள். மே மாதம் ஆழம் அளங்கள். ஆகஸ்ட் 15 சபைக்குப் படகுத் திட்டம். ஆழக் கணக்கு கையில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், மிதவைத் துறையை எந்த இடத்தில் கட்டலாம் என்று சேர்ந்து பார்த்துவிடலாம்.